பன்னிரண்டாவது தாள்

அன்புள்ள மகனுக்கு,

எனக்கு முழங்கால் வலி கிடையாது. கல்யாண மண்டபத்தில் உனக்குப் பாராட்டு விழா நடந்த அன்று நான் பாதியில் எழுந்து வெளியே போனதற்கு முழங்கால்தான் காரணம் என்று நீ வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாய். மகன் பெயரெடுத்ததைப் பார்க்கக் கிழவிக்குப் பொறுக்கவில்லை என்று உன் மாமியார் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். உன் மனைவி கொஞ்சம் மரியாதை தெரிந்தவள். அத்தைக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது என்றாளாம். மூன்றும் தவறு. இந்த முழங்காலோடுதான் போன கிருத்திகைக்கும் மலைப்படி ஏறி இறங்கினேன். பொறாமைப்படும் அளவுக்கு நீ எதையும் சாதித்துவிடவில்லை. ஞாபகம் தப்பியிருந்தால் எனக்கும் உனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். தப்பவில்லை. அன்று நீ திரையில் ஒரு படத்தைக் காட்டி, "பதினொரு ஊழியர்கள், பதினொரு பேரும் ஒரே பதில்" என்றாய். மண்டபம் கைதட்டியது. நான் எழுந்தேன். அந்தப் பதில்களுக்கான கேள்வித் தாள்களை ஊழியர்களிடம் கொடுத்தவள் நான். எண்ணித் திரும்ப வாங்கியவளும் நான். பன்னிரண்டு தாள்கள்.

நீ வெளிநாட்டில் பேராசிரியராகிப் பல வருடங்கள் ஆகின்றன. மறந்துவிட்டேன் என்று சொல்ல உனக்கு வசதியிருக்கிறது. அந்த வசதியை உனக்குக் கொடுக்க விருப்பமில்லாததால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஓய்வு பெறும்வரை இந்த ஊர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் ரெகார்டு ரூமைப் பார்த்துக்கொண்டேன். வரும் நோயாளியின் பழைய கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்து டாக்டர் மேஜைக்கு அனுப்புவது எங்கள் வேலை. வேறு ஊரில் இது சுலபமான வேலையாக இருக்கலாம். திருத்தணியில் அப்படியில்லை. சுற்றுப்பட்டு முழுக்க ஆண்பிள்ளை பிறந்தால் தணிகாசலம் என்று பெயர் வைக்கிறார்கள். ஆந்திரப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் அதே பெயரோடு வருகிறார்கள். என்னிடம் கிளார்க்காக இருந்த நாகரத்தினம் ஒருமுறை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி என்னிடம் சொன்னாள்: "ஒரு தணிகாசலத்தைக் கூப்டா பாதி வரிசை ஜன்னலாண்ட வந்துடுதுங்க மேடம். மீதிப் பாதிக்குக் காது கேக்கல, அதுவும் தணிகாசலந்தான்." அவள்தான் அந்த நீல அட்டை நோட்டை எழுத ஆரம்பித்தவள். எந்தத் தணிகாசலம், எந்த ஊர், என்ன தொழில், யாருடைய மருமகன், காதில் கடுக்கன் உண்டா, கூட வருகிறவர் யார் என்றெல்லாம் எழுதி, பக்கத்தில் கேஸ் ஷீட் எண்ணைக் குறித்துவைப்பாள். அதைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் ஷீட்டை எடுத்தோம். நிர்வாகம் கம்ப்யூட்டர் வாங்கிவைத்த பிறகும் அதைப் பார்த்துத்தான் எடுத்தோம்.

நீ அப்போது டாக்டர் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு விடுமுறையில் சமையலறை மேடைமேல் உட்கார்ந்து, நான் கீரை ஆய்வதைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாய். "டாக்டருங்க எல்லாம் இப்ப மாறிட்டாங்கம்மா. எனக்கு முப்பது வருஷ அனுபவம், நான் சொன்னா சரின்னு யாரும் சொல்ல முடியாது. ஒரு கேள்விய எடுத்துக்கணும். அதப் பத்தி எங்கெல்லாம் ஆராய்ச்சி நடந்திருக்கோ எல்லாத்தையும் தேடணும். நமக்குப் பிடிக்காததையும் சேர்த்துத் தேடணும். எது உறுதி, எது சொத்தைன்னு தரம் பிரிக்கணும். அப்புறந்தான் செய்யணும். செஞ்சிட்டு, நெனச்ச மாதிரி நடந்துதான்னு திரும்பப் போய்ப் பாக்கணும்." தகவல் அமைப்புகள் என்ற உன் துறையில் அப்படி யாரும் செய்வதில்லை என்று வருத்தப்பட்டாய். ஆளுக்கொரு ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டு நன்றாக ஓடுகிறது என்று எழுதிவிடுகிறார்கள், வாங்குகிறவர்கள் அதை நம்பி வாங்குகிறார்கள் என்றாய். சான்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் பழக்கத்தை அந்தத் துறைக்கு நீ கொண்டுவரப்போவதாகச் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: "தரம் பிரிக்கிறயே, அதில் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது எது?" நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்: "ஒரு பெரிய மனுஷர் சொன்னாரு, அதனால சரி அப்படிங்கறதும்மா. வேற ஆதாரமே இல்லன்னா அதுதான் கடைசி."

இதை நினைவில் வைத்துக்கொள். மறுபடியும் இங்கே வருவேன்.

அடுத்த வருடம் எங்கள் ரெகார்டு ரூமையே ஆய்வு செய்ய வந்தாய். நீ வருவதற்கு முன்தினம் நான் என் ஆட்களை நிற்கவைத்து, "என் பையன் வருகிறான். அவன் படிப்பு இதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரைப் பற்றி அவன் கொடுக்கும் கேள்வித் தாளில் நல்லபடியாக எழுதிக் கொடுங்கள்" என்று சொன்னேன். எல்லோரும் என்னை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர்கள். "நம்ம மேடம் புள்ளைக்குத்தானே, எழுதிட்டாப் போச்சு" என்றார்கள். நாகரத்தினம் மட்டும், "நல்லபடியான்னா எப்படிங்க மேடம்? இருக்கறத எழுதறதா, இல்லாதத எழுதறதா?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் மேஜைக்குத் திரும்பினேன்.

நீ கையில் ஒரு நிறுத்துக் கடிகாரத்தோடு மூன்று நாள் நின்றாய். மூன்றும் கூட்டமில்லாத நாட்கள். கிளார்க் எண்ணை அடிக்க விசையைத் தொட்டதும் கடிகாரத்தை ஓடவிட்டாய், ஷீட் கைக்கு வந்ததும் நிறுத்தினாய். முன்பு ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை என்று துள்ளினாய். விசையைத் தொடுவதற்கு முன் அந்தப் பெண்கள் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ புரட்டுவது உன் கண்ணில் படவில்லை. உன் கடிகாரம் நோட்டுக்குப் பிறகுதான் ஓட ஆரம்பித்தது. நான் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராமல் சும்மா இருந்தேன். தாய்ப்பாசம் என்று இதற்குப் பெயர் வைக்காதே. என் மகன் தோற்றான் என்று ஆஸ்பத்திரியில் நாலு பேர் பேசுவதை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

அன்று சாயந்திரம் சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பினாய். யாரும் பெயர் எழுத வேண்டாம் என்று நீயே அச்சடித்திருந்தாய். "பதினொண்ணு சுத்தமா இருக்கும்மா. இது ஒண்ணுதான் எல்லாத்தையும் கெடுக்குது. யாரு இது?" என்று ஒரு தாளை நீட்டினாய். பெயர் வேண்டாம் என்று வாக்குக் கொடுத்தவன், ஆள் யார் என்று என்னையே கேட்டாய். எனக்கு எல்லோருடைய கையெழுத்தும் தெரியும். "நாகரத்தினம். போன மாதம் லீவு கொடுக்கவில்லை என்று என்மேல் கோபம், அதுதான் இப்படி எழுதியிருக்கிறாள். அவளெல்லாம் ஒரு ஆளா, விடு" என்றேன். நீ விட்டாய். ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுந்து ரெகார்டு ரூமுக்கு நடந்துபோய் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளை மடித்துக் கீரைத் தண்டு கிடந்த கூடையில் போட்டுவிட்டுக் காபி கேட்டாய். உலகத்தில் உள்ள சான்றுகளையெல்லாம் தரம் பிரிக்கப்போகிறவன், உன் பட்டியலில் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதை எடுத்துக்கொண்டு, மேலே இருக்க வேண்டியதைக் குப்பையில் போட்டாய். அன்று உனக்குப் பெரிய மனுஷி நான். என் வார்த்தைக்கு உன் முறையில் என்ன மதிப்பு என்று நீயே எனக்குச் சொல்லியிருந்தாய்.

இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் தேடாமல் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஊசல் பரிசோதனை செய்து ரெகார்டு நோட்டு எழுதிக்கொண்டு வந்தாய். ஐந்து அளவுகளில் நாலு ஒத்துப்போயின, ஒன்று விலகி நின்றது. நான் ரப்பரைக் கொடுத்து, "இதை அழித்துவிட்டு மற்றதைப் போலவே எழுது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது" என்றேன். உன் அப்பா தபால் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அவன் கண்ணால பாத்ததத்தானே எழுதிகினு வந்தான், உட்டுடேன்" என்றார். "உங்களுக்கு மார்க் வாங்கிப் பழக்கம் இல்லை" என்று உன் எதிரிலேயே சொன்னேன். அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார். நீ ரப்பரை எடுத்தாய். அவர் செத்த பிறகு எத்தனையோ விஷயங்களுக்காக அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இதற்கு இன்னும் கேட்கவில்லை. நீ சரியாகச் செய்தால்தான் கேட்க எனக்கு முகம் இருக்கும்.

அதைவிட வெட்கம் ஒன்று உண்டு. நான் படித்த கான்வென்ட்டில் ரப்பரே கிடையாது. தப்பாக எழுதினால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும். அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கிறுக்கி மறைத்தால் சிஸ்டர் அந்தப் பக்கத்தையே செல்லாது என்று ஒதுக்கிவிடுவார். ரெகார்டு ரூமிலும் அதே விதியை வைத்திருந்தேன். ஒரு கேஸ் ஷீட்டில் வெள்ளை மை தடவிய கிளார்க்கை இரண்டு நாள் வெளியே நிற்கவைத்தேன். ஊரில் உள்ள எல்லோருக்கும் அந்தக் கோட்டைக் கொடுத்தேன். உனக்கு மட்டும் ரப்பரைக் கொடுத்தேன்.

உன் கட்டுரை அச்சில் வந்தது. நிர்வாகம் அதைப் பிரேம் போட்டு மாட்டியது. இனிமேல் கையெழுத்து நோட்டுகள் தேவையில்லை என்று உத்தரவு வந்தது. நாகரத்தினம் நீல நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "மேடம், இத மட்டும் பீரோல வெச்சிக்கலாங்க, யாருக்கும் தெரியாது" என்று கெஞ்சினாள். பிடுங்கி வாங்கி, பழைய பேப்பர்க்காரர் சாக்கில் நானே போட்டேன்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை. மலையிலிருந்து இறங்கிய கூட்டம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நின்றது. ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர் ஒருவர் காவடி எடுத்து வெறுங்காலில் நடந்ததில் காலில் ஆணி ஏறி வீங்கிப்போய் வந்திருந்தார். பெயர் தணிகாசலம். கூட அவர் மனைவி. நாகரத்தினம் பெயரை அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "மேடம், ஆர்.கே.பேட்டைன்னு ரெண்டு தணிகாசலம் வருதுங்க. ரெண்டு பேருக்கும் ஏறக்கொறைய ஒரே வயசு. நோட்டு இருந்தா சொல்லிடுவேன். ரெண்டு ஷீட்டையும் எடுத்துகினு போய் அந்தம்மாகிட்ட கேட்டுட்டு வரட்டுங்களா?" என்றாள். வரிசை கத்திக்கொண்டிருந்தது. அடுத்து நான் சொன்னதை இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். "முதலில் எது வருகிறதோ அதைக் கொடு. என் பையன் மூன்று நாள் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான்" என்றேன்.

முதலில் வந்தது இன்னொரு தணிகாசலத்தின் ஷீட். அந்த மனிதருக்குப் பென்சிலின் ஒத்துக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சோதனை ஊசி போடாமல் நேரே போட்டார். இவருடைய ஷீட்டில், ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அது அலமாரியிலேயே இருந்தது. காபி குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்த அம்மாள் அவருடைய மஞ்சள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஊசி போட்டா சரியாப் போயிடும்னாங்களே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விசாரணை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. நிர்வாகத்தின் கையில் உன் கட்டுரை இருந்தது. ஊழியர்கள் அனைவரும் இந்த முறை பிழையில்லாமல் ஷீட்டை எடுத்துத் தருகிறது என்று ஒப்புக்கொண்டதாக அதில் இருந்த வரியை வாசித்தார்கள். முறை சரி என்றால் ஆள்தான் தப்பு. நாகரத்தினம் என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நானே சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவளை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் நீ தூக்கிப்போட்ட பன்னிரண்டாவது தாள் எங்கே இருந்தது தெரியுமா? என் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில். நீ மேஜையிலிருந்து எழுந்ததும் கூடையிலிருந்து எடுத்து நீவி வைத்திருந்தேன். வாழ்நாளெல்லாம் ரெகார்டு காத்தவளுக்குக் காகிதத்தை எறியக் கை வராது. அதை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் மேஜைமேல் வைக்கவும் கை வரவில்லை.

அந்தச் சாவைப் பற்றி அப்போது உனக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கிளார்க் கவனக்குறைவும்மா, சிஸ்டத்தோட தப்பு இல்ல" என்றாய். திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கீரை ஆய்ந்த அன்று எனக்குச் சொன்னவன் நீதான். ஒருநாளும் திரும்ப வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் நோட்டுப் போன பிறகு எத்தனை ஷீட் மாறிப் போனது என்று எங்கள் பெண்களே சொல்லியிருப்பார்கள். இப்போது இன்னும் மேலே போய்விட்டாய். பல ஊர் ஆய்வுகளைச் சலித்தெடுத்துச் சேர்த்த உன் தொகுப்பில் உன் கட்டுரையையும் சேர்த்து, உறுதியான சான்று என்று நீயே அதற்குத் தரம் கொடுத்திருக்கிறாய். அதை நம்பி இன்னும் யார் யார் எந்தெந்த ஊரில் நோட்டைச் சாக்கில் போடுகிறார்களோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தை பிறந்ததும் ஆஸ்பத்திரியின் பள்ளிப்பட்டுக் கிளையில் இதே முறை வருகிறது, அங்கே கையெழுத்து நோட்டே இருக்காது என்று விழாவில் உன் பக்கத்தில் நின்றுகொண்டு நிர்வாகி மைக்கில் சொன்னார். நீ தலையாட்டினாய். பள்ளிப்பட்டில் எத்தனை தணிகாசலம் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாயா?

விழாவுக்கு மறுநாள் கனகம்மாசத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். நாகரத்தினம் அங்கே ரோட்டோரத்தில் டிபன் கடை வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கல்லில் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கு அந்த ரூம்ல வாயத் தொறந்திருந்தா நான் ஏன் இங்க தோச சுட்டுகினு கீறேன்? இப்ப வந்து சொல்றீங்க, உங்களுக்கு மனசு ஆறணும்னு" என்றாள். உண்மைதான் என்றேன். "ஆங், உண்மைதான். உக்காருங்க, டீ குடிங்க" என்றாள். நீ ஒரு நாளும் என்னை இப்படிப் பேசியதில்லை. பேசியிருந்தால் நீ உருப்பட்டிருப்பாய்.

இந்தக் கடிதத்தை உறையில் போடுவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். "இவ்ளோ கடுப்பா எழுதாதீங்க மேடம், புள்ளைதானே. மனசு நொந்துபோயிடும்" என்றாள். ஒரு வரியையும் மாற்றவில்லை. உனக்காக இரக்கப்பட இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் உரிமை இருக்கிறது. அவளே அதைச் செய்துவிட்டதால் நான் செய்ய வேண்டியதில்லை.

என் பங்குக்கு நான் எழுதிவிட்டேன். விசாரணையில் சொல்லாமல் விட்டதையும், முதலில் வரும் ஷீட்டைக் கொடுக்கச் சொன்னது நான்தான் என்பதையும் நிர்வாகத்துக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மாளைப் பார்க்க ஆர்.கே.பேட்டைக்கு இந்த வாரம் போகிறேன். அவள் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வேன். நிர்வாகத்துக்கு எழுதியதன் நகலும், பன்னிரண்டாவது தாளின் நகலும் இதோடு இருக்கின்றன. அசலை உன்னை நம்பி அனுப்ப மாட்டேன். நீ கவனித்துப் படிக்காமலே கூடையில் போட்டிருக்கக்கூடும் என்பதால் அதில் உள்ளதை இங்கேயும் எழுதுகிறேன்: "நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் நம்பர் போடுகிறோம். நோட்டை எடுத்துவிட்டால் ஆள் மாறிப் போகும். கிருத்திகை சமயத்தில் வந்து பாருங்கள்." மூன்றே வரி. உன் வாழ்நாள் ஆராய்ச்சியில் இதைவிடச் சரியான சான்று உனக்குக் கிடைத்ததில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். கட்டுரை வந்த ஆய்விதழுக்கு எழுது. பன்னிரண்டாவது பதில் ஒன்று இருந்தது, அதை என் அம்மா சொன்னதால் நீக்கினேன், கடிகாரத்தைத் தப்பான இடத்தில் ஓடவிட்டேன், ஒருவர் இறந்தார் என்று எழுது. உன் தொகுப்பில் அந்தக் கட்டுரையின்மேல் ஒரே ஒரு கோடு போடு. சத்தமில்லாமல் எடுத்துவிடாதே. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பள்ளிப்பட்டில் நோட்டை வைத்துக்கொள்ளும்படியும், நாகரத்தினத்தின்மேல் சுமத்திய பழியை நீக்கும்படியும் நிர்வாகத்துக்கு எழுது. வேலை போகும் என்று பயப்படுவாய். போகலாம். அவளுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். நீ அழுவாய், நான் இளகிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன். செய்வாயா மாட்டாயா என்பதை மை பேனாவால், உன் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தை பிறப்பதற்குள் எனக்குத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா